பேஸ்லிப்பில் இல்லாத பாதிச் சம்பளம்

2025 மே 4, ஞாயிறு

இண்டைக்கும் வாடகை வீடு சரிவரவில்லை. டண்டினொங் ஸ்ரேஷனுக்குக் கிட்ட, குசினிக்குள் நல்ல வெயில் விழுகிற வீடு. சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்ச ஏஜென்ற் பெட்டை, மகன் அருந்தவனின் சம்பளச் சீட்டான பேஸ்லிப்பைப் பார்த்ததும் முகத்தை மாத்திப்போட்டாள். இந்தச் சம்பளத்துக்கு இந்த வாடகை கட்டாதாம். இப்ப இருக்கிற வீட்டைச் சொந்தக்காரன் விக்கிறான். ஜூலைக்குள்ள விட்டு எழும்பவேணும்.

என்ர மகன் உழைக்கிறது பேஸ்லிப்பில் இருக்கிறதைப்போல இரண்டு மடங்கு. கடை முதலாளி ஜெயரட்ணம் பாதியைத்தான் பாங்கில் போடுவார். மற்றப் பாதி காசாய் என்வலப்பில். அதுக்கு மேல பிள்ளையார் சுழி வேற! ரக்ஸ் வரிக்கு ஒளிக்கிற காசுக்குப் பிள்ளையார் காவலோ?

மே 6

பேத்தி சயந்தினி யூனிவர்சிற்றியில் என்ன ஆராய்ச்சி செய்யிறாள் என்று இண்டைக்குத்தான் வடிவாய்க் கேட்டேன். ஐரோப்பாவில் சின்ன நாடுகள் இருக்காம் — எஸ்தோனியா, லாத்வியா, ஸ்லோவேனியா. அங்க கணக்கில் காட்டாமல் நடக்கிற வேலையையும் வியாபாரத்தையும் எப்பிடிக் குறைக்கிறது என்று படிக்கிறாள். நிழல் பொருளாதாரம் என்று அதுக்குப் பேர்.

"அங்கயும் என்வலப் சம்பளம் எண்டுதான் சொல்லினம், அப்பம்மா" என்றாள்.

அருந்தவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. மருமகள் மயூரா கறிச்சட்டியை டங் எண்டு வைச்சாள்.

மே 7

நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள். ஆனால் எனக்கு மறதி எண்ட வியாதி இல்லை. என்ர புருசன் செத்த அண்டு ஜெயரட்ணம் நீலக் கோடு போட்ட சேர்ட்டோட வந்தார். பெட்டி மூட முதல் அருந்தவனின் தோளில் கையைப் போட்டு, "நாளைக்குக் கடைக்கு வருவீரோ?" என்று கேட்டார். எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு கூட முடியேல்லை. தகப்பனைப் பறிகுடுத்தவனிட்டக் கேக்கிற கேள்வியே அது? இவன் போனான். மொட்டைத் தலையோட அரிசி மூட்டை தூக்கினான்.

அந்த மனுசனுக்கு நான் இண்டுவரைக்கும் தேத்தண்ணி குடுக்கேல்லை.

மே 11, ஞாயிறு

வீட்டில் சண்டை. சயந்தினி தகப்பனைக் கேட்டாள், "முழுச் சம்பளத்தையும் பாங்கில போடுங்கோ எண்டு ஏன் அப்பா கேக்கமாட்டியள்?"

"படகில வந்த எனக்கு ஆர் வேலை தந்தது? அவர்தான். அவரிட்டப் போய் நான் பேஸ்லிப் கேக்கிறதோ?"

"அப்ப ரோட்டில படுப்பம்" என்றாள் மயூரா.

எனக்குப் பத்தி வந்தது. "அவரைப் பிடிச்சு உள்ள போடச் சொல்லு பிள்ளை. உதுக்குத்தானே படிக்கிறாய்!"

"இட்ஸ் நொட் தட் சிம்பிள், அப்பம்மா. கடை பூட்டினால் அப்பாவுக்கு வேலை போயிடும்."

பிறகு ஆறுதலாய்ச் சொன்னாள். பிடிக்கிறதும் தண்டம் போடுறதும் மட்டும் காணாதாம். ஆக்கள் ஏன் ஒளிக்கினம் என்று முதல் பாக்கவேணுமாம். எஸ்தோனியாவில் ரக்ஸ் கந்தோர் கடைக்காரருக்குக் கடிதம் போட்டதாம்: உங்கட தொழிலில் மற்றவை இவ்வளவு சம்பளம் காட்டினம், நீங்கள் இவ்வளவுதான், ஒருக்காப் பாருங்கோ என்று. வெருட்டு இல்லை, ஏச்சு இல்லை. அதுக்கே கொஞ்சப்பேர் தாங்களாய்த் திருத்தினவையாம்.

அட! இது பக்கத்து வீட்டைக் காட்டி வெக்கப்படுத்திற வேலை. வெள்ளைக்காரருக்கே அது சரிவந்தால் எங்கட ஆக்களுக்குச் சொல்லவேணுமோ?

மே 16

இன்னொரு ஏஜென்றும் இல்லை எண்டிட்டான்.

மே 25, ஞாயிறு

செய்துபோட்டேன்.

கோயில் மண்டபத்தில் அன்னதானம். ஜெயரட்ணம் பாயாச வாளியோட வரிசையில் வந்தார். "சிவனேசக்கா, இன்னொரு கரண்டி?"

"விடுங்கோ தம்பி. ஒண்டு கேக்கவேணும்" என்றேன். "உந்த றோட்டில மற்ற இரண்டு தமிழ்க் கடையிலும் பெடியளுக்கு முழுச் சம்பளமும் பாங்கிலதானாம். உங்கட கடைதான் பெரிசு. உங்கட கடைப் பெடியன் அருந்தவன்ர பேஸ்லிப்பை ஏன் வீட்டு ஏஜென்ற் திருப்பித் தாறான்?"

கத்தேல்லை. ஏசேல்லை. செத்தவீட்டுக் கதையும் எடுக்கேல்லை — நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிப்போட்டேன். பக்கத்தில் இருந்த வேதவல்லி அப்பளத்தைக் கடிக்காமல் கையில வைச்சுக்கொண்டிருந்தாள்.

அவர் அடுத்த இலைக்குப் போனார். பாயாசம் இலைக்கு வெளியில ஊத்துப்பட்டது.

மே 28

அருந்தவன் என்னோட கதைக்கிறான் இல்லை. "அம்மா, என்ர சோத்தில மண்ணைப் போட்டிட்டியள்" எண்டதுதான் கடைசிக் கதை. போட்டிட்டனோ? வேலையும் போய் வீடும் இல்லையெண்டால்? கடவுளே, இந்த வாயை ஏன் திறந்தனான்!

ஜூன் 6, வெள்ளி

அப்பாடா.

ஜெயரட்ணம் அருந்தவனைக் கடைக்குப் பின்னுக்கு, வெங்காய மூட்டை அடுக்கிற இடத்துக்குக் கூப்பிட்டாராம். வேலையால நிப்பாட்டத்தான் கூப்பிடுறார் எண்டு இவன் கடைப் பூட்டின்ர திறப்பைத் திருப்பிக் குடுக்கக் கையில எடுத்துக்கொண்டே போனானாம்.

"உம்மட அம்மா கேட்டதை வேற ஆரும் கேட்டிருந்தால் கடையை விட்டுக் கலைச்சிருப்பன்" என்றாராம். பிறகு மூட்டையில் குந்தினாராம். கனகாலமாய் அவருக்கும் நிம்மதி இல்லையாம். கழுத்தில் ரை கட்டின ஆர் கடைக்குள் வந்தாலும் நெஞ்சு இடிக்குமாம். போன மாதம் ஒரு வெள்ளைக்காரன் பைலோட வந்து நிண்டானாம். இவருக்கு வேர்த்து வழிஞ்சிட்டுதாம். அவன் கேட்டது முருங்கைக்காய் எப்பிடிச் சமைக்கிறது எண்டு!

நாங்கள் நாலு பேரும் சிரிச்ச சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குலைச்சது. மயூரா கண்ணைத் துடைச்சாள். சிரிப்போ அழுகையோ தெரியாது, நான் கேக்கவுமில்லை.

இனி முழுச் சம்பளமும் பாங்கிலதான். பழைய கணக்கையும் இரண்டு பேரும் தாங்களாய் ரக்ஸ் கந்தோருக்குப் போய்ச் சொல்லப்போயினம். பிடிபட முதல் சொன்னால் தண்டம் குறையுமாம். அருந்தவனும் கொஞ்சம் கட்டவேணும், கைக்கு வாறதும் குறையும். "குறையட்டும், நித்திரை வருமெல்லோ" என்கிறாள் மயூரா.

ஜூன் 20

முழுப் பேஸ்லிப் வந்தது. அருந்தவன் அதைப் படம் பிடிச்சுப் போனில் வைச்சிருக்கிறான். பிள்ளை பிறந்த அண்டும் இப்பிடிப் பிடிக்கேல்லை.

ஜூலை 3

நோபிள் பார்க்கில் வீடு கிடைச்சுது! குசினி சின்னன், வெயிலும் இல்லை. பரவாயில்லை. என்ர அறைக்குக் கதவு ஒழுங்காய்ப் பூட்டுது.

ஜூலை 12, சனி

புது வீட்டில் பால் காய்ச்சினோம். ஜெயரட்ணம் குடும்பமாய் வந்தார். சயந்தினி அவரைப் பிடிச்சு வைச்சு ஏன் ஒளிச்சனீங்கள், எது பயம், எது வெக்கம் எண்டு கேட்டுத் துளைச்சாள். எல்லாத்துக்கும் மறுமொழி சொன்னார். "பயத்தை விட வெக்கம்தான் பிள்ளை" என்றார். எஸ்தோனியா, லாத்வியாக்காரரோட வைச்சுப் பாக்க இது உதவுமாம் அவளுக்கு.

தேத்தண்ணியை மயூரா குடுத்தாள். நான் குடுக்கேல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அருந்தவனுக்குக் காய்ச்சல். முழுநேர வேலை எண்டு பதிஞ்சபடியால் சம்பளத்தோட லீவாம். இத்தனை வருசத்தில் ஒரு நாளும் இவன் வருத்தமெண்டு படுத்துப் பாத்ததில்லை. காய்ச்சலோடயும் ஓடுவான்.

பகலில் ஜெயரட்ணம் போன் எடுத்தார். நான்தான் தூக்கினேன்.

"படுக்கட்டும் அக்கா. கடையை நான் பாக்கிறன்."

ஓம் என்றேன். நன்றி சொல்லேல்லை. போனை வைக்க முதல், "நீங்கள் சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டேன்.

வாய் தவறி வந்தது. வந்தது வந்ததுதான்.

உள்ளுக்குப் போய்ப் பாத்தேன். அருந்தவன் ரசம் குடிச்ச கோப்பையைக் கட்டிலடியில் வைச்சிட்டு, வாயைத் திறந்துகொண்டு நித்திரை. யன்னல் சீலையை இழுத்துவிட்டேன்.