அறுபத்து மூன்றாம் பக்கம்

எல்டர்ஹோ, கம்பிரியா
2014 பிப்ரவரி 16, ஞாயிறு

அன்பு மகள் ஹீதருக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஓவனும் உலகத்தின் அந்தக் கோடியில் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டு, மூன்று வேளையில் இரண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன், அந்த மட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜனவரி முழுக்கக் கடல் பொங்கிக் கரைச் சாலையில் கல்லையும் பாசியையும் வாரிப் போட்டது, நம் பின்பக்கக் கூரையில் நாலு ஓடு போயிற்று, பக்கத்து வீட்டு பெகியின் தம்பி ஏறி மாற்றிக் கொடுத்தான். பெகி வியாழக்கிழமைதோறும் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு சட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள், உப்புப் போடுவதில் உன் அம்மாவின் கை அவளுக்கு வராது, ஆனாலும் மிச்சம் வைப்பதில்லை. உங்களுக்கு அங்கே வெயில் காலம், ஓவனைத் தொப்பியில்லாமல் வெளியே விடாதே. நீயும் இரட்டை ஷிப்ட் பார்ப்பதைக் குறைத்துக்கொள், மற்றவர் உடம்பைப் பார்க்கிற நர்ஸ் தன் உடம்பை மறந்துபோவாள் என்று அம்மா உன்னைப் பற்றித்தான் சொல்வாள்.

நீ டிசம்பரில் எழுதி அனுப்பிய புகார்க் கடிதத்தில் நான் ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று போனில் நாலு தடவை கேட்டுவிட்டாய். கண்ணாடி கிடைக்கவில்லை என்றேன், தபால் நிலையம் மூடிக் கிடக்கிறது என்றேன். போன ஞாயிறு நீ, "அப்பா, அம்மாவுக்காக இதுகூடச் செய்ய மாட்டியா?" என்று கேட்டபோது மழையில் போன் கரகரக்கிறது என்று வைத்துவிட்டேன். மழையும் இல்லை, கரகரப்பும் இல்லை. அந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே, நவம்பர் 23 சனிக்கிழமை அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வண்டி வரவேயில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் சொல்லித்தான் எழுதினாய். வண்டி வந்தது, ஹீதர்.

முன்னாலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. சுகாதார நிர்வாகத்தார் நோயாளிகள் தரப்புக்கு ஒரு கமிட்டி வைத்து அதில் என்னையும் உட்காரவைத்தது உனக்குத் தெரியும், அம்மா அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் நேரம் குறித்தவன், வண்டி விஷயம் தெரிந்தவன் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். போன வருஷம் மார்ச்சில், அவசரமில்லாத நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வேலையை ஆம்புலன்ஸ்காரர்களிடமிருந்து எடுத்து வெளிக் கம்பெனி ஒன்றிடம் கொடுப்பது பற்றி நூற்று நாற்பது பக்கத்தில் ஒரு கட்டுக் காகிதம் வந்தது. என் கண்ணின் நடுவில் மங்கல் விழுந்து பூதக்கண்ணாடி வைத்தாலும் ஒரு பக்கத்துக்குக் கால்மணி நேரம் ஆகிற காலம் அது. அம்மா அந்தக் கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என் பையில வை ஆர்னல்ட். அங்க நாலு மணி நேரம் சும்மாதானே மெஷின்ல கட்டிப்போட்ட மாதிரி கெடக்கேன், வாசிச்சு என்ன இருக்குன்னு உனக்குச் சொல்றேன்." அதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம், உனக்குச் சலித்துப்போகும் என்று நான் கொடுக்கவில்லை. கண் போய்விட்டது, பெண்டாட்டி படித்துச் சொல்லித்தான் கமிட்டிக்குப் போகிறேன் என்று ஆகிவிடக் கூடாது என்ற வீம்பு, வேறொன்றுமில்லை.

கூட்டத்தில் நல்ல கோட்டுப் போட்ட ஒருவர், எல்லாம் பழையபடியேதான் நடக்கும், வண்டியின் நிறம் மட்டும்தான் மாறும் என்றார். யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். டாக்டர் ஒருவர் ஏதோ கேட்டு, அது நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது, அவரும் தலையாட்டிவிட்டார். படிக்காதவன் என்ன கேள்வி கேட்பான்? பதினோரு பேர் கை தூக்கினார்கள், பன்னிரண்டாவது கை என்னுடையது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "முழுசாப் படிச்சியா?" என்று கேட்டாள். படித்தேன் என்றேன்.

அதுவரை அம்மாவுக்கு வண்டி ஓட்டி வந்துகொண்டிருந்த நெவிலை உனக்கு நினைவிருக்கும், போன தடவை நீ வந்தபோது உன் பெட்டியைத் தூக்கி வைத்தவர். அவர் வந்தால் வாசலில் ஹாரன் அடிக்க மாட்டார், உள்ளே வந்து கெட்டிலை அணைத்தாயா, ஜன்னலைச் சாத்தினாயா என்று பார்த்து, அம்மாவின் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் நடைச் சட்டத்தைப் பிடித்துத் தத்தித் தத்தி வரும்வரை மலை ஆட்டுக் கதை எதையாவது சொல்லிக்கொண்டு நிற்பார். ஜூலையில் கம்பெனி வந்ததும் புது நிபந்தனைக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை, வேலையை விட்டார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு முகம். குறை சொல்ல மாட்டேன், பாதிப் பேர் நல்ல பிள்ளைகள். ஆனால் அம்மா காலை எட்டு மணி வண்டிக்கு ஏழுக்கே செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள், திரும்பும்போது வண்டிக்காக இரண்டு மணி நேரம் அங்கே நாற்காலியில் காத்திருந்து முகம் வெளுத்து வருவாள். கேட்டால், "பொலம்பினா மட்டும் வண்டி வந்துடுமா?" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை காலை அவளுக்கு வயிற்றைப் புரட்டிக் குளியலறையில் இருந்தாள். வண்டி வந்தது, ஹாரன் அடித்தது. நான் போய் அந்தப் பையனிடம் வந்துகொண்டே இருக்கிறாள் என்றேன். அவன் தன் கையிலிருந்த சின்னத் திரையைக் காட்டினான், அதில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று பேரை ஏற்ற வேண்டும், பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் தன் வேலை போய்விடும் என்றான். நான் உள்ளே ஓடினேன், ஒரு கையில் அவள் கோட்டு, மறு கையில் கம்பளி, அவளை அவசரப்படுத்தினேன், ஹீதர், சத்தம் போட்டேன். நாற்பத்தாறு வருஷத்தில் அவளிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. நாங்கள் முன்கதவுக்கு வந்தபோது வண்டி முனை திரும்பிக்கொண்டிருந்தது. அம்மா நடைச் சட்டத்தைப் பிடித்தபடி நின்று அதைப் பார்த்தாள். "பாவம், அந்தப் பையன் பேர்ல தப்பில்ல" என்றாள்.

கம்பெனியின் எண்ணுக்குப் போன் செய்தேன், எந்த ஊரிலோ இருக்கிற ஒரு பெண் எடுத்தாள், வண்டி வந்தது நோயாளி தயாராக இல்லை என்று பதிவாகியிருக்கிறது, இனி திங்கட்கிழமைதான் என்றாள். நாற்பது மைல் மலைச் சாலை, அன்று பனி உறைந்து கிடந்தது, நான் வண்டி ஓட்டுவதை விட்டு மூன்று வருஷம், டாக்சிக்காரர் இருவரும் வரமாட்டேன் என்றார்கள், பெகி அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். டயாலிசிஸ் பிரிவில் கேட்டேன், திங்கட்கிழமை பதினொரு மணிக்கு இடம் வைக்கிறோம், மோசமானால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார்கள். ஞாயிறு அவளுக்குக் கால் வீங்கி மூச்சு இறைத்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன் என்றேன். "அது நெஜமா முடியாதவங்களுக்கு இருக்கறது. நாளைக்குப் போகத்தானே போறோம்" என்று தடுத்துவிட்டாள். எழுபத்தோரு வயதிலும் அவள் அந்தச் சேவையை யாரோ நமக்காகப் பத்திரமாக வைத்திருக்கிற பொருளைப் போல, தேவைக்கு மேல் தொடக் கூடாது என்றே நினைத்தாள்.

திங்கட்கிழமை இந்த முறை தவறவிடக் கூடாது என்று எட்டு மணிக்கே அவளைக் கிளப்பிவிட்டேன். கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டு, முன்கதவை ஒட்டி நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன், வண்டி ஒன்பதரைக்கு. நான் கம்பளியை எடுக்கத் திரும்பினேன். திரும்பி வந்தபோது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிஷத்தில் வந்தது, இரண்டு பெண்கள், தரையில் மண்டியிட்டு முக்கால்மணி நேரம் போராடினார்கள், ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்கள் இருக்கும்போதே கம்பெனி வண்டி வந்து வாசலில் நின்றது. பதிவில் அது எப்படி ஏறியதோ தெரியாது.

அவளுடைய இதயம் முன்பே களைத்துப்போயிருந்தது, சனிக்கிழமை போயிருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நீ நர்ஸ், அந்த "இருக்கலாம்" எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். அடக்கம் முடிந்து நீ ஊருக்குத் திரும்பிய வாரம் அந்தக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு வரியாகப் படித்தேன், பதினாறு நாள் ஆயிற்று. அறுபத்து மூன்றாம் பக்கத்தில் நாலாவது வரி: வண்டி வாசலில் பத்து நிமிடம் நிற்கும், அதற்குள் நோயாளி வராவிட்டால் பயணம் ரத்தானதாகக் கொள்ளப்படும். அதற்குத்தான் நான் கை தூக்கியிருக்கிறேன். அம்மா படித்திருந்தால் அந்த வரியில் நின்றிருப்பாள், "இதென்ன ஆர்னல்ட், என்னால முடியுமா பத்து நிமிஷத்துல?" என்று கேட்டிருப்பாள்.

போன மாதம் முப்பதாம் தேதி மத்தியானம் தேவாலயக் கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள், இடமில்லாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். அடுத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தையும் வெளியாருக்குக் கொடுக்கப்போகிறார்களாம். இன்றைக்கு வண்டி, நாளைக்கு ரத்தம், அப்புறம் வார்டு, கடைசியில் நமக்குப் பெயர்ப்பலகை மட்டும்தான் மிஞ்சும் என்று ஒருவர் பேசினார். அம்மா பெயரைச் சொல்லிப் பேசினார்கள், மியூரியலுக்கு நேர்ந்தது நாளை யாருக்கும் நேரலாம் என்று. எல்லோரும் என்னை இரக்கத்தோடு திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, இதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன், படிக்காமல் தூக்கினேன், கமிட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று சொன்னேன். யாராவது திட்டியிருந்தால் தேவலை. நெவில் பின்வரிசையில் இருந்தார், தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் ஹெட்டி பிராக் எழுந்தாள், கீழத்தெரு வால்டரின் மனைவி, வால்டரும் டயாலிசிஸுக்குப் போகிறவர். "வெலகிப் போறியா? அவ்வளவு சுளுவா உன்னை விட்டுடுவோமா?" என்றாள். "போய் அதே நாற்காலியில உக்காரு. இந்தத் தடவை படிச்சுட்டு உக்காரு." யாரும் கைதட்டவில்லை. நான் சரி என்று உட்கார்ந்தேன்.

ஒப்பந்தம் ரத்தாகவில்லை, இலையுதிர் காலத்தில் பரிசீலிப்போம் என்று இரண்டு வரியில் பதில் வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கான காகிதக் கட்டும் வந்துவிட்டது, எண்பத்தொரு பக்கம், முப்பதைத் தாண்டிவிட்டேன். சத்தம் போட்டு வாசித்தால்தான் எனக்கு மனதில் நிற்கிறது. புரியாத வார்த்தைகளைத் தனியாக எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் எளிமையாக அர்த்தம் எழுதி அனுப்பு. புகார்க் கடிதத்தையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வண்டி வந்தது, நின்றது, பத்து நிமிஷத்தில் போனது என்று மாற்றி எழுது, நான் கை தூக்கியதையும் சேர்த்து எழுது, அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். உனக்கு என்மேல் கோபம் வந்தால் அதை உள்ளே வைத்துக்கொள்ளாதே, எழுதிவிடு. வாரக்கணக்கில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஒன்றை மறந்துவிடாதே, செவ்வாய், வியாழன், சனி காலைகளில் போன் செய்யாதே, நான் வீட்டில் இருக்க மாட்டேன். ஹெட்டி வீட்டு வாசலுக்குப் போய்விடுவேன். வண்டி வந்ததும் அதன் பக்கக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு, வால்டர் படி இறங்கி வந்து ஏறும்வரை நிற்கிறேன். கதவு திறந்திருந்தால் அவர்களால் வண்டியை எடுக்க முடியாது. அந்தச் சனிக்கிழமை இது எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மூவரையும் ஆண்டவன் நோய்நொடியில்லாமல் காக்கட்டும். ஓவனின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு, அம்மாவுக்காக இன்னொன்று.

உன் அப்பா,
ஆர்னல்ட் டைசன்