லோடு கழற்றிய நொடி

இன்று பட்டறையில் ஒரு சுருள் கருகிவிட்டது. வார்னிஷ் தீயும் வாடை மூக்கில் ஏறியதும் உன் முகம்தான் வந்தது. நீ செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

எண்பதுகளின் கடைசியில் மலைமேல் ஒண்டிக்கடை என்ற ஊரில் மாடி அறை பிடித்து, எஸ்டேட் ஆஸ்பத்திரிகளுக்கு பேட்டரி சார்ஜர் செய்யலாம் என்று நாம் இருவரும் தொடங்கினோம். சுருளும் கெப்பாசிட்டரும் மின்னோட்டத்தை ஊஞ்சல்போல ஆட்டும். அது பூஜ்யத்தைத் தொடும் நொடியில் சுவிட்ச் மாறவேண்டும். அப்போது சூடு குறையும், பெட்டியை ஒரு கையால் தூக்கலாம். அந்தக் கணக்கு என்னுடையது. கம்ப்யூட்டர் சேலத்தில் நாம் படித்த கல்லூரியில்தான் இருந்தது. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் போய் எட்டு மாதம் சிமுலேஷன் ஓட்டினேன். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பேசுவது உன் வேலை.

ஒருநாள் வரைபடங்களையும் காணோம், உன்னையும் காணோம். சேலத்துக் கம்பெனி ஒன்றில் அவற்றை உன் பெயரில் கொடுத்து, வேலையும் வாங்கியிருந்தாய். தேடி வந்து கேட்டேன். நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“பொம்பள பேரப் போட்டா எவன் வாங்குவான்? உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன், கண்ணு.”

நீ கொண்டுபோனதில் கடைசித் தாள் இல்லை. லோடை, அதாவது மாட்டியிருக்கும் பேட்டரியை, ஓடும்போதே கழற்றினால் வோல்டேஜ் எவ்வளவு ஏறும், எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பது அதில்தான் இருந்தது. நாகலூர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சார்ஜரை ஓட்டிக் காட்டுவதற்கு முந்தைய வாரம் மாடிப்படி ஏறி வந்தாய். மீட்டர் முள் தாறுமாறாக ஏறுகிறது, என்ன செய்ய என்றாய். தாள் என் மேசை டிராயரில் கிடந்தது.

“எனக்கென்னங்க தெரியும்? நீங்க செஞ்சதுங்களே” என்றேன். அதுவரை உன்னிடம் நான் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை.

அன்று கூட்டத்தில் நானும் நின்றேன். டாக்டர் லோடு வயரைக் கழற்றச் சொன்னார். கெப்பாசிட்டர் வெடித்தது. யாருக்கும் காயமில்லை, பின்னால் யாரோ சிரித்தார்கள். புகைக்குள்ளிருந்து நீ என்னைத் தேடிப் பார்த்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதே ஆஸ்பத்திரிக்கு மறுமாதம் என் சார்ஜர் போனது, என் பெயர் பொறித்த தகட்டோடு.

உன் அடக்கத்தில் ஃபாதர், அந்தச் சார்ஜரை நீதான் உருவாக்கினாய் என்று புகழ்ந்து பேசினார். பொறுக்கமுடியாமல், கல்லறைத் தோட்ட வாசலில் உன் மனைவியிடமே சொன்னேன்: “அது அவர் செஞ்சதில்லைங்க. நான் செஞ்சது.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தெரியுங்க. ஊட்டுல அதையே சொல்லி நொம்ப அழுவாருங்க.”

என்னிடம் சொல்லவேண்டியதை அவளிடம் சொல்லி அழுதிருக்கிறாய். மன்னிப்பையும் அவளிடமே வாங்கிக்கொண்டிருப்பாய். என்னுடையதை நான் தருவதாக இல்லை.