கறுப்பு உனக்குத்தான்

இன்று மத்தியானம் உன் அம்மா உன் சதுரங்கப் பலகையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். திறந்ததும் அந்துருண்டை வாசனை. உன் பாவாடை தாவணியோடு பெட்டியில் வைத்திருந்தாராம்.

மோட்டார் கொட்டகையில் நாம் ஆடிய ஆட்டத்தில் ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு. செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாவலாம். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஆடுவார்கள். அதை வைத்தே நீ என்னிடம் பலமுறை தப்பியிருக்கிறாய்.

கள்ளக்குறிச்சிப் போட்டியில் கடைசி ஆட்டம் நம் இருவருக்கும் விழுந்தது. எனக்கு வெள்ளை, உனக்குக் கறுப்பு. ஜெயிப்பவள் நம் மாவட்டத் தலைநகரான கடலூருக்கு மாவட்டப் போட்டிக்குப் போவாள். எனக்கு அது மட்டுமில்லை. “ஜெயிச்சா படிக்கட்டும், தோத்தா கரும்பு வெட்ட வரட்டும்” என்று அப்பா சொல்லியிருந்தது உனக்கும் தெரியும்.

உன் மந்திரி நெருங்கியதும் நான் ராஜாவைத் தாவ வைத்தேன். நீ கையைத் தூக்கினாய்.

“சார், இவ ராஜாவக் குதிர மாதிரி தாண்டுறா.”

“போட்டியில அது செல்லாதும்மா. தொட்ட காயத்தான் நகத்தணும்” என்ற நடுவர் உன்னைப் பார்த்தார். “உங்க ஊர்ல இப்படித்தான் ஆடுவீங்களா?”

“எனக்குத் தெரியாது சார்” என்றாய்.

ராஜா போக ஒரே கட்டம்தான் இருந்தது. அதில் வைத்தேன். அடுத்த நகர்த்தலில் முடித்துவிட்டாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வேர்க்கடலை நீட்டினாய். “இன்னாடி, மூஞ்சத் தூக்கிக்கினு வர்ற? ரூல்னா ரூல்தாண்டி.” வாங்கித் தின்றேன். திங்கட்கிழமை என் கையில் வெட்டுக்கத்தி இருந்தது.

நீ கடலூருக்குக் கிளம்பிய அன்று இட ஒதுக்கீட்டு மறியல். ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் நின்றுவிட்டது. ஆட்டத்துக்கு நேரமாகிறதென்று ஏரிக்கரை வழியாகப் போன வேனில் ஏறினாயாம். வேன் ஏரிக்குள் கவிழ்ந்தது.

ஊரே அழுதது. செத்தவளைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அதனால் உன்னைப் பற்றிப் பேச என்னிடம் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

பலகையைக் கொடுத்துவிட்டு உன் அம்மா சொன்னார்: “அன்னிக்கு நீ ஒழுங்கா ஆடியிருந்தா நீ போயிருப்ப. எம்பொண்ணு வூட்ல இருந்திருப்பா.”

தலையாட்டினேன்.

அவர் போனபின் காய்களை அடுக்கி, உன் பக்கத்தையும் நானே ஆடினேன். கறுப்பு உனக்குத்தான். உன் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. இன்னும் செக் வாங்கவில்லை, தாவல் பாக்கி இருந்தது. தாவியிருந்தால் தப்பியிருக்கும்.

நான் விடவில்லை. ரூல்னா ரூல்தாண்டி.