ஒரு மம்மிக்காக நெய்யாற்றில் குளித்தது

மைனி,

போன வாரம் கஞ்சி வடிக்கும்போது கலம் சரிந்து வலது கையில் கொட்டிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. நான் அடுக்களையில் நின்றால் ஏதாவது சரியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பெண் மருந்து தடவி, வெள்ளைத் துணியை ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகச் சுற்றினாள். எல்லா விரலையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்றேன். சேர்த்துக் கட்டினால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்றாள். மருந்தும் புதுத்துணியும் கலந்த அந்த மணத்தில் நான் உட்கார்ந்திருக்க, நீங்கள் ஒரு கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்து நின்றது அப்படியே கண்முன் வந்துவிட்டது. "பிள்ளே, ஒவ்வொரு விரலையும் தனியாட்டுச் சுத்தியிருக்கு, கண்டியா" என்றீர்கள் அன்று. நர்ஸ் பெண் வலிக்கிறதா என்று கேட்டாள். கண் நிறைந்திருந்தது எனக்கே தெரியவில்லை.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணனைக் கட்டி நீங்கள் பெருங்கடவிளை வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிற பெண் வருகிறாள் என்று ஊரில் பேச்சு. நீங்கள் அரிசியில் கல் பொறுக்கும்போதும் விரல்கள் தட்டச்சு வேகத்தில் ஓடும். அதைப் பார்த்து நான் கேலி செய்வேன். கல்யாணம் கழிந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை, அண்ணன் அரபு நாட்டுக்குப் போய்விட்டார். பாலைவனத்தில் ரோடு போடுகிற கம்பெனி. அங்கே ஒரு நாள் வண்டி கவிழ்ந்தது.

தந்தி ஆங்கிலத்தில் வந்தது. தபால்காரர் அதைக் கொடுத்துவிட்டுப் போகாமல் முற்றத்தில் நின்றார். நீங்கள்தான் பிரித்து வாசித்தீர்கள். வாசித்து, அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னீர்கள். உடலைக் கொண்டுவர அம்மையும் சொந்தக்காரர்களும் யார் யாரையோ போய்ப் பார்த்தார்கள். அதற்குள் அங்கேயே மணலில் அடக்கம் செய்துவிட்டதாக அடுத்த செய்தி வந்தது. பிறகு கம்பெனி அண்ணனின் பெட்டியை அனுப்பிவைத்தது. அதில் நாலு சட்டை, ஒரு சீப்பு, அவர் இங்கிருந்து போட்டுக்கொண்டு போன செருப்பு.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாவுச் செய்தி காதில் விழுந்தாலே குளிக்க வேண்டும். பிணத்தைக் கண்ணால் கண்டுவிட்டால், குளிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைக்க முடியாது. தந்தி வந்த அன்று எல்லோரும் கிணற்றடியில் வரிசையாக நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம். நீங்கள் மட்டும் வரவில்லை. பெரியம்மை வந்து கையைப் பிடித்து இழுத்தபோது, "நான் அவரெக் காணல்லியே. காணாததுக்கு எதுக்குக் குளிக்கணும்?" என்று கேட்டீர்கள். சத்தம் போடவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டீர்கள். பெரியம்மை உங்கள் கையை விட்டுவிட்டது.

தீட்டுக் கழிக்கும் புலைகுளி நாளிலும் நீங்கள் குளத்துக்கு வரவில்லை. சொந்தக்காரர்கள் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். அம்மைதான் அவர்கள் வாயை அடைத்தது. அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது குளிக்கட்டும், அதுவரை இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் அடுக்களையில் என்னிடம் மட்டும், நான் கண்ணை மூடுவதற்குள் அவள் ஒரு தடவை வாய்விட்டு அழுதால் போதும் என்று சொல்லும். அம்மைக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

நீங்கள் அழவில்லை. காலையில் பஸ் பிடித்து இன்ஸ்டிடியூட்டுக்குப் போனீர்கள், சாயங்காலம் வந்தீர்கள். கழுத்தில் தாலி அப்படியே கிடந்தது. புதிதாக வந்து சேர்கிற பெண்கள், வீட்டுக்காரர் எங்கே என்று மலையாளத்தில் கேட்டால், "கல்ஃபிலாணு" என்பீர்கள். கல்ஃபில்தான் இருந்தார். யாரும் உங்களைப் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது.

இப்படி மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் திருவனந்தபுரத்தில் அந்த எகிப்துக் கண்காட்சி வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பாரலல் காலேஜில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்க்காமல் பரீட்சை எழுத வராதே என்று சார் சொல்லியிருந்தார். பத்திரிகையில் மம்மியின் படம் போட்டிருந்தது. தனியாக அனுப்பமாட்டேன் என்று அம்மை நின்றது. கோயில் உத்சவத்துக்குக்கூட வராமல் அறைக்குள் இருக்கிற நீங்கள், அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் வாறேன்" என்றீர்கள். அம்மை என்னைப் பார்த்தது, நான் அம்மையைப் பார்த்தேன்.

ஞாபகம் இருக்கிறதா, அந்த வரிசை? பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னும் பின்னும் இடித்துக்கொண்டு நின்றன. உள்ளே மங்கலான விளக்கு, பாச்சை உருண்டை மணம். கண்ணாடிக்குள் சின்னச் சின்ன நீல மண்பொம்மைகள். செத்தவனுக்கு மறுஉலகத்தில் வயல்வேலை பார்க்க இந்த வேலையாட்களைக் கூடவே வைப்பார்களாம். செத்த பிறகும் வேலைக்கு ஆள் வேண்டியிருக்கிறதே என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த பெட்டியில் ஒரு மரச்சீப்பு, காய்ந்துபோன ரொட்டி, புல்லில் முடைந்த ஒரு ஜோடிச் செருப்பு. அங்கே ரொம்ப நேரம் நின்றீர்கள்.

"செருப்பு வரெ குடுத்து விட்டிருக்கினும் பாரு" என்றீர்கள்.

எனக்கு அண்ணனின் பெட்டி ஞாபகம் வந்தது. அவர்கள் செத்தவனோடு செருப்பை அனுப்பியிருக்கிறார்கள். நமக்குச் செருப்பு மட்டும் திரும்பி வந்திருந்தது. உங்களை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாது என்று பட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டேன். நீங்கள் முன்னால் நடந்தீர்கள்.

மம்மி கடைசி அறையில் இருந்தது. விளக்கம் சொல்ல நின்ற இளைஞன் மலையாளத்தில் நன்றாகவே சொன்னான். துணி சுற்றுகிற வித்தை வருவதற்கு முன்னால் அங்கே உடலை வெறும் மணலில்தான் புதைத்தார்கள், சுடுமணல் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், தோலும் தலைமுடியும் அழியாமல் அப்படியே கிடக்கும் என்றான். எவ்வளவு காலம் கிடக்கும் என்று நீங்கள் கேட்டீர்கள். ஆயிரக்கணக்கான வருஷம் என்று அவன் உற்சாகமாகச் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

அப்போதுதான் நீங்கள் பெட்டியின் மேல் குனிந்து அந்த விரல்களைப் பார்த்தீர்கள். நான் பக்கவாட்டில் நின்றேன். பெட்டியின் கீழ்மூலையில் ஒரு சிறிய அட்டை, ஆங்கிலத்தில். அசல் உடல் பயணம் தாங்காது என்பதால் வைக்கப்பட்டிருக்கும் பிளாஸ்டர் மாதிரி என்று எழுதியிருந்தது. இவ்வளவு இடிபட்டு வந்து பொம்மையையா பார்க்கிறோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் தோளைத் தொட்டு அதைக் காட்டக் கை எடுத்தேன். நீங்கள் நிமிர்ந்தீர்கள். உங்கள் முகத்தில் அந்த மூன்று வருஷமாக நான் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. கையைக் கீழே போட்டுவிட்டேன். பெரிய யோசனை ஒன்றும் செய்யவில்லை. அந்த முகத்திடம் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்து சாயா வேண்டாம் என்றுவிட்டீர்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர்கள். பாலராமபுரம் தாண்டியபோது மட்டும் திரும்பினீர்கள்.

"அப்போ உனக்க அண்ணன் அங்க அப்படியே இருப்பாரு, இல்லியா?"

"இருப்பாரு மைனி" என்றேன்.

நெய்யாற்றின்கரையில் வண்டி மாறினோம். நம் ஊர் வருவதற்கு முன்னாலேயே, அருவிப்புறத்தில் நீங்கள் எழுந்து பெல் கயிற்றை இழுத்தீர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இறங்கு பிள்ளே. பிணம் கண்டுட்டு குளிக்காம வீட்டில கேறப்பிடாது" என்றீர்கள். எத்தனையோ ஆயிரம் வருஷம் முந்தின ராஜ்யத்து ஆளுக்கு, அதுவும் பிளாஸ்டரில் செய்ததற்கு, நெய்யாற்றில் சாவுத் துட்டிக் குளி. எனக்கு அது வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு உங்கள் பின்னால் கடவுக்கு இறங்கினேன்.

வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் தோள்பையைத் திறந்து இரண்டு துவர்த்தை எடுத்துப் படியில் வைத்தீர்கள். கண்காட்சிக்குப் போகிறவர் குளித்துத் துவட்டத் துணி எதற்குக் கொண்டுபோனீர்கள் என்று நான் கேட்கவில்லை. உடுத்த சேலையோடு மார்பளவு தண்ணீரில் இறங்கி முங்கினீர்கள். மறுபடியும் முங்கினீர்கள். மூன்றாவது தடவை வெளியே வர நேரமாயிற்று. நான் படியிலிருந்து எழுந்துவிட்டேன். தலையை வெளியே எடுத்து, முடியை ஒதுக்கி, என்னைப் பார்த்து, "நீயும் கண்டியல்லா. வா" என்றீர்கள்.

கிணற்றடியில் நான் குளித்தது முறைக்காகக் குளித்தது. எல்லோரும் ஊற்றினார்கள், நானும் ஊற்றினேன். அன்றைக்கு ஆற்றில் முங்கியபோதுதான், தண்ணீருக்கு அடியில், அண்ணா என்று கூப்பிட்டேன். இனி அவர் வரமாட்டார் என்பது அங்கே வைத்துத்தான் எனக்கும் முழுசாகப் புரிந்தது. மேலே வந்தபோது நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். விம்மல் இல்லை, நல்ல சத்தமாகவே. கரையில் துவைக்கிற சத்தம் நின்றுபோயிற்று.

ஒரு பெண் மெதுவாக, "ஆரு மரிச்சது?" என்று கேட்டாள்.

"எனக்க மாப்பிள" என்றீர்கள்.

"எப்போ?"

"இன்னைக்காக்கும்."

அவள் துணியைப் போட்டுவிட்டு வந்து, முழங்காலளவு தண்ணீரில் நின்று உங்கள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். யார் என்று நமக்குத் தெரியாது. பிறகு அவளை நாம் பார்க்கவும் இல்லை.

நனைந்த சேலையோடு இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். அம்மை வாசலில் நின்றது. உங்கள் தலையைப் பார்த்தது. சேலை நுனியில் சொட்டிய தண்ணீரைப் பார்த்தது. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் உலர்ந்த துணி எடுத்துவந்து கொடுத்துவிட்டு, சோறு வடித்து வைத்திருந்த நாளில் புதிதாக அடுப்பு மூட்டிக் கஞ்சியும் பயறும் வைத்தது. துட்டி வீட்டில் வைக்கிற அதே கஞ்சி. "வா மக்களே, குடி" என்று உங்களைப் பக்கத்தில் இருத்தியது. அதற்குப் பிறகு அம்மையும் நீங்களும் சேர்ந்து அழுதீர்கள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

தாலியை நீங்களே கழற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்தீர்கள். யாரும் சொல்லவில்லை. அடுத்த ஆடி அமாவாசைக்கு, நம் கர்க்கடக வாவுக்கு, அருவிப்புறத்தில் உங்கள் கையால் அண்ணனுக்குப் பிண்டப் பலி போட்டீர்கள். வேறு கல்யாணம் பார்க்கலாம் என்று அம்மையே சொன்னபோது, யோசிக்கிறேன் என்று சொல்லி, கடைசிவரை யோசித்துக்கொண்டே இருந்தீர்கள். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது, அதையும் கற்றுச் சொல்லிக்கொடுத்தீர்கள். என் கல்யாணத்தில் என்னைவிட நல்ல சேலை உடுத்தியது நீங்கள்தான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அம்மை போய் நாலைந்து வருஷம் கழிந்து ஒரு மத்தியானம், இரண்டு பேரும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சக்கைச் சுளை அரிந்துகொண்டிருந்தோம். நான் பள்ளியில் எகிப்துப் பாடம் நடத்துவதைப் பற்றி ஏதோ சொன்னேன். நீங்கள் கை ஓட்டத்தை நிறுத்தாமல், "அது பிளாஸ்டராக்கும்ணு எனக்கும் தெரியும் பிள்ளே" என்றீர்கள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. தந்தியை வாசித்துச் சொன்ன ஆள் நீங்கள். தினமும் ஆங்கிலக் கடிதம் தட்டச்சு செய்தவர். அந்த அட்டையை வாசிக்கத் தெரியாதவர் என்று இத்தனை வருஷம் எப்படி நினைத்தேனோ.

"பேப்பரில படம் கண்டப்பவே நினைச்சேன், ஒரு பிணத்தக் கண்டா குளிக்கலாம்லாண்ணு. அண்ணைக்குக் காலையிலயே துவர்த்து எடுத்து வச்சேன். அங்க போனா பொம்மை. நெஞ்சு காஞ்சு போச்சு. இருக்கட்டு, குளிச்சிருவோம்ணு நினைச்சேன். ஆனா நீ அத வாசிச்சத நான் கண்டேன். பஸ்ஸில வாறப்ப எல்லாம், இப்போ சொல்லிருவா, இப்போ சொல்லிருவாண்ணு பயந்துட்டே இருந்தேன். நீ சொல்லியிருந்தா நான் பெறவு குளிச்சிருக்கவே மாட்டேன்."

அவ்வளவும் சொல்லிவிட்டு, சுளையில் கொட்டை தங்கியிருக்கிறது, பார்த்து எடு என்று என்னைத் திட்டினீர்கள்.

நான் சரித்திர ஆசிரியை மைனி. தப்பாகச் சொன்னால் திருத்துவதுதான் என் தொழில். பிள்ளைகளையும் திருத்துவேன், வீட்டுக்காரரையும் திருத்துவேன், கோயில் கமிட்டிக்காரர்களைக்கூட விட்டதில்லை. ஆனாலும் யாராவது கைக்கு அகப்பட்ட எதையோ பிடித்துக்கொண்டு கரையேறப் பார்க்கிறார்கள் என்று பட்டால், என் நாக்கு தானாக நின்றுவிடுகிறது. அப்போதெல்லாம் அந்த பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று திருவனந்தபுரத்திலிருந்து அருவிப்புறம் வரை பயந்துகொண்டே வருகிறீர்கள். நான் சொல்லமாட்டேன் மைனி.