ஏழு தகப்பன்மாரும் என் மகனும்

லூயிஷாம்,
ஐப்பசி 1996

ராசாக்குட்டி,

அம்மா எழுதுகிறேன். ஊரில் செல் குண்டு விழுந்து நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இங்கே நானும் தங்கச்சியும் சுகம். உன் சுகத்தை எப்படிக் கேட்பேன்?

எனக்கு ஒரே கோபம், ராசா. வெள்ளிக்கிழமை சிவன் கோயிலில் ஒருவர் எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் உன் சித்தப்பா, "அண்ணிக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளைதான்" என்றார். வெளியே வந்து கேட்டால், "செத்தவனை ஏன் சபையில இழுக்கிறியள்? ஆக்கள் சங்கடப்படுவினம்" என்கிறார். யாருக்குச் சங்கடம்? பெற்றவள் நானல்லவா!

என்னோடு ஹோட்டல் லாண்டரியில் வேலை செய்கிற குல்நார் கசாக்ஸ்தான்காரி. அவளிடம் சொல்லிச் சித்தப்பாவைத் திட்டித் தீர்த்தேன். அவள் நைமன் என்ற கூட்டமாம். மங்கோலியாவில் பெரிதாக வாழ்ந்தவர்களைச் செங்கிஸ்கான் அடித்து நொறுக்க, மேற்கே சிதறி, கசாக்குகளோடு கலந்து, மதமும் மாறிப்போனார்களாம்.

"எண்ணூறு வருசமாச்சு, இன்னும் நாங்கள் நைமன்தான். என்ர மகன் ஏழு தலைமுறைத் தகப்பன்மாரின்ர பேரையும் சொல்லுவான்" என்று நெஞ்சைத் தட்டினாள்.

எண்ணூறு வருடமாக அவர்கள் விடவில்லை. இவர்களுக்கு ஒரு வருடத்திலேயே நீ கணக்கில் இல்லை! இனி யார் கேட்டாலும் இரண்டு பிள்ளைகள் என்றுதான் சொல்வேன். சித்தப்பா காதைப் பொத்தட்டும்.

நீ போட்டுக் கழற்றிய நீலச் சேட்டைத் தோய்க்காமல் அனுப்பச் சொல்லி ஊரிலிருக்கும் பெரியம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். ஷிப்டுக்கு நேரமாகிறது.

பிள்ளை பெறாமலே செத்துப்போனவனின் பெயரை உங்களில் யார் சொல்லுவார்கள் என்று குல்நாரைக் கேட்டேன். அவள் அடுத்த படுக்கை விரிப்பை எடுத்து மடித்தாள். நானும் போன பிறகு, ராசா, உன் பெயரை யார் சொல்லுவார்கள்?