நீல லாரிக்கு ஒரு கார்டு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், வீடு சுகம், தையல் மெஷினும் சுகம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசாமல் இது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தால் போதும், உடனே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். முடியவில்லை என்றால் பாதியில் மடித்து வைத்துவிட்டு, அப்புறம் எடுத்துப் படி. ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிடு.

அப்பா போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், கடையில் சீருடை மலைபோல் குவிந்து கிடக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது காலர் வைக்கிறேன், ஒன்றுகூடக் கோணவில்லை என்று முதலாளியம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். உன் சித்தி வாரம் தவறாமல் வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தடவை வாய்விட்டு அழுதுடுக்கா, உள்ளேயே வெச்சிருந்தா உடம்புக்கு ஆகாது என்கிறாள். அழக்கூடாது என்று எனக்கு ஒன்றும் வைராக்கியம் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யார் கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருக்கிறது. அவர் செருப்பைப் பார்க்கிறேன், செருப்பாகத்தான் தெரிகிறது. சித்தியிடம் இதையெல்லாம் சொன்னால் பயந்துவிடுவாள் என்று, ஜலதோஷம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரை வித்துடும்மா என்று மூன்று தடவை சொல்லிவிட்டாய். நான் விற்கவில்லை. விற்காதது மட்டும் இல்லை, அதற்கு மேலே செலவும் செய்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பாவைக் கொண்டுபோன அன்று நீ என் தோளில் சாய்ந்துகொண்டு, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு விளையாட வரேன்னு சொல்லிட்டு வரலம்மா, அவர் காத்துட்டே இருந்திருப்பாரும்மா என்று சொன்னாய். அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலையில்தானே பல் தேய்க்கும்போது நெஞ்சைப் பிடித்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஞாயிறு நான் கடையில் இருந்தேன். அதனால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் உன்னை அரித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி. முப்பது வருஷம் நிஜ லாரி ஓட்டியது போதாதென்று, முழங்கால் போய் வீட்டில் உட்கார்ந்த பிறகு நீ பழக்கிவிட்ட அந்த லாரி விளையாட்டில் தினமும் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த மனுஷன். ஞாயிறு வந்தால் அவர் நீல லாரியில் முன்னால் போக, நீ அங்கிருந்தபடியே உன் கம்ப்யூட்டரில் இன்னொரு வண்டி எடுத்துப் பின்னால் வருவாய், உன்னைக் கிளீனர் கிளீனர் என்று கூப்பிட்டு ஒரே சத்தம். கடைசியாக அவர் வண்டி எங்கே நின்றது என்று அதற்குள் இருக்கும் அல்லவா, பார்த்து உனக்கு ஒரு பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எனக்கென்று ஒன்றும் தோன்றவில்லை. உனக்காக ஒரு வேலை, அவ்வளவுதான்.

போட்டுப் பார்த்தால் விளையாட்டு தானாகப் புதுசாகிக்கொண்டது. அப்புறம் உங்கள் கிராபிக்ஸ் கார்டு பழையது, இது ஓடாது என்று எழுதிக் காட்டியது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் மாடியில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவர் ஒருவர் இருக்கிறார், மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி, நான் ரெட்டைக் கண்ணாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். எடுத்த எடுப்பில் நல்ல கனமான கார்டு ஒன்றைக் காட்டினார், பாதி விலை என்றார். இதற்கு வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். கரண்டு பெட்டியை மாத்தணும், ஃபேன் ரெண்டு கூடப் போடணும், இந்தக் கார்டு நீளம், டப்பா பத்தாமப் போனாலும் போகும் என்று இழுத்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றால் அது எனக்கு வேண்டாம், என்னிடம் இருப்பது தீபத்துக்குத் திரி வாங்குகிற காசுதான், இருக்கிற பெட்டியிலேயே ஓடுகிற மாதிரி கொடுங்கள் என்றேன். தனி வயர் கேட்காத சின்னக் கார்டு ஒன்றை எடுத்துப் போட்டார். பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து அளந்தேன். வீட்டில் டப்பாவை முதலிலேயே அளந்து வைத்திருந்தேன், அளக்காமல் துணி வெட்டுகிறவளா நான்? இரண்டு விரல் இடம் மிச்சம். அரை மணி நேரம் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, இஸ்திரிப் பெட்டிக்குப் பிடிக்கிற மாதிரி கிட்டே கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தேன். உங்க வீட்டுக்காரர் என்னம்மா வேலை என்று கேட்டார். லாரி டிரைவர் என்றேன். டிரைவராக இருந்தார் என்று சொல்லியிருக்க வேண்டும், வாயில் வரவில்லை.

மாட்டியது நான்தான். தையல் மெஷின் ஸ்குரூ டிரைவர் சரியாகச் சேர்ந்தது, பஞ்சு தட்டுகிற பிரஷ்ஷால் ஒரு முறம் தூசி எடுத்தேன். கொக்கியை அழுத்தி, பழைய கார்டைக் கழற்றி, புதியதை டக்கென்று சத்தம் வரும் வரை உள்ளே தள்ளினேன். அப்பா லாரி வயரில் பெயிண்ட் வைக்கிற பழக்கத்தில் இதிலும் வயருக்கு வயர் புள்ளி வைத்திருந்தார், உனக்கு ஞாபகம் இருக்கும். டிவி மாதிரி இருக்கிறதே, அதன் வயரில் சிவப்புப் புள்ளி. பின்னால் சிவப்புப் புள்ளி வைத்த ஓட்டையைத் தேடி அதில் சொருகிவிட்டு விளையாட்டைப் போட்டால், திரும்பவும் அதே எழுத்து, கார்டு பழையது என்று. கழற்றி மாட்டினேன். நான்கு நாள் இதே வேலை. ஐந்தாம் நாள் டப்பாவைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் வைத்துக்கொண்டு போய், பொம்பளைன்னா இளிச்சவாயின்னு நினைச்சீங்களா என்று மாடிப்படியிலேயே ஆரம்பித்துவிட்டேன். கீழே இருந்த செருப்புக் கடைக்காரர் கூட எட்டிப் பார்த்தார். ரெட்டைக் கண்ணாடி நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கி, டப்பாவுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, வயரை எதுலம்மா சொருகுவீங்க என்றார். சிவப்பில் என்றேன். இது போர்டு ஓட்டைம்மா, கார்டு ஓட்டை இல்ல, இதுல சொருகினா கார்டு சும்மா உக்காந்திருக்கும் என்று வயரைப் பிடுங்கிக் கார்டிலேயே சொருகினார். நடந்தது என்னவென்றால், முதல் வருஷம் கார்டே இல்லாமல் ஓட்டினீர்களே, அப்போது அப்பா போர்டில் சிவப்பு வைத்தது. பிறகு நீ கார்டு வாங்கிப் போட்டதும் அதிலும் சிவப்பு வைத்தவர், பழையதை அழிக்கவில்லை. கார்டைக் கழற்றியதும் அந்தப் புள்ளியும் கூடவே போய்விட்டது, எனக்கு மிஞ்சியது தப்பான புள்ளி. ரெட்டைக் கண்ணாடியிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லம்மா, வீட்ல இருக்கறவர்கிட்ட அந்தப் பெயிண்ட்டைச் சுரண்டிடச் சொல்லுங்க என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சுரண்டவில்லை. புதுக் கார்டில் என் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன்.

இப்போது அன்றைக்கு நீ சொன்னதற்குப் பதிலுக்கு வருகிறேன். வண்டி ஒரு பெட்ரோல் பங்கில், காற்றுப் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், வெளியே போகிற வழியைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருக்கிறது. இன்ஜின் அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்னால் வருகிறவருக்குத் தெரியட்டும் என்று பார்க்கிங் விளக்கு மட்டும் எரிகிறது. கடைசியாகப் பதிவான நேரம் ஞாயிறு மாலை ஆறு இருபது. நீ சொன்னது நாலு மணி. உன்னிடம் மறைக்க மாட்டேன், கண்ணு, அவர் காத்திருந்தார். ஆனால் அந்த நேரத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னொன்று நினைவு வந்தது, ஐந்து மாதமாக எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. அன்றைக்கு நான் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். டீ போட்டு மூடி வைத்திருந்தார். கிளீனருக்கு இன்னைக்கு ஏதோ வேலை போல, லோடு எங்க போயிடப் போகுது, அடுத்த வாரம் இறக்கிக்கலாம் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பட்டன் எண்ணிக்கொண்டிருந்தேன், என்ன லோடு என்று கேட்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது மனது அடித்துக்கொள்கிறது. லோடுக்காகக் குடோன் வாசலில் இரண்டு நாள், மூன்று நாள் என்று ஆயுசில் பாதியைக் காத்திருந்தே கழித்தவர் அவர், இரண்டு மணி நேரம் அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம். நீ வராதது அவருக்கு வருத்தமாக இல்லை. இதை உன் மனம் ஆறட்டும் என்று நான் கட்டிச் சொல்லவில்லை, என் காதால் கேட்டதைச் சொல்கிறேன். அந்த விளக்கைப் பார்த்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் மவுஸை விடமாட்டேன் என்றது.

அங்கே குளிர் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு போ. ராத்திரியில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. முதுகு வலிக்கு வாங்கிய தைலத்தைப் பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டாமல் தேய்த்துக்கொள். நோய்நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் சூழ, நீண்ட நாள் நன்றாக இரு. ஒன்றே ஒன்று மறக்காதே. அந்த லோடு இன்னும் இறங்கவில்லை. வரும் ஞாயிறு நாலு மணிக்கு நான் வண்டியில் உட்கார்ந்திருப்பேன். ஹேண்ட் பிரேக் எடுக்கவும் நேராகப் போகவும் கற்றுக்கொண்டேன், ரிவர்ஸ் சுத்தமாக வராது. இதுவரைக்கும் அவர் முன்னால் போனார், நீ பின்னால் போனாய். இனிமேல் நீ முன்னால் போ, நான் உன் விளக்கைப் பார்த்துக்கொண்டே வருகிறேன், மெதுவாகப் போ. வேலை வந்து வர முடியாமல் போனாலும் பரவாயில்லை. நான் இன்ஜினை அணைத்துவிட்டு, பார்க்கிங் விளக்கைப் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பின்னாலேயே வரும்
அம்மா