மூன்று தரம் கழுவிய மருந்து மிசின்

2.2.74 சனி
காற்று, புழுதி. நாரந்தனையிலிருந்து முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம். இவர் குருணாகல் கடையிலிருந்து எழுதிவிட்டார்: இந்த முறையும் மிளகாய் போனால் தோட்டத்தைத் தன் தம்பி சிவத்திடம் விட்டுவிட வேண்டுமாம். எட்டு வருடமாக நான் கொத்திய மண். விடமாட்டேன்.

போன முறை சிவத்தின் மருந்தடிக்கிற மிசினுக்குக் காத்திருந்துதான் பூச்சி விழுந்து இலையெல்லாம் சுருண்டது. ஆகவே சொந்த மிசின்.

கடைக்காரர்: "வீட்டில ஆம்பிளையள் இல்லையோ அக்கா? இது முதுகில காவிறது."

தண்ணீர் நிரப்பச் சொல்லி, மாட்டிக்கொண்டு கடைக்குள் இரண்டு சுற்று. பிளாஸ்டிக் தாங்கி இலேசு, பட்டி தோளில் நிற்கவில்லை. பித்தளை பாரம், ஆனால் ஓட்டை விழுந்தால் ஒட்டலாம். பித்தளை. உதிரி வோசர், மருந்து பீச்சும் நொசில் கேட்டு வாங்கினேன்.

9.2.74 சனி
வெயில். வரம்பில் கோரையைக் கொல்லப் புல் மருந்து. பிறகு தாங்கி, குழாய், நொசில் எல்லாம் மூன்று தரம் கழுவல். நல்ல தண்ணீரில். எங்கள் கிணறு உவர், காய்ந்தால் நொசிலில் உப்பு அடைக்கும். சந்திக் குழாயில் வரிசையில் நின்று எடுத்த தண்ணீர்.

சிவம்: "மச்சாள், குடிக்கிற தண்ணியில மிசினைக் குளிப்பாட்டுறியளோ? உவர்த் தண்ணியில ஒருக்கா அலசினால் காணும்."

"உமக்குக் காணும். எனக்குக் காணாது."

ஊரெல்லாம் இதே கதையாம். கதைக்கட்டும்.

13.2.74 புதன்
காற்று விழுந்தபின் மிளகாய்க் கன்றுகளுக்குப் பூச்சி மருந்து. பாதியில் பம்பு இழுக்கவில்லை. தோல் வோசர் காய்ந்து சுருக்கம். நல்லெண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். சீறியது. ஒருவரையும் கூப்பிடவில்லை.

18.2.74 திங்கள்
சிவத்தின் தோட்டத்தில் இலைகள் கயிறுபோல் முறுகிக் கிடக்கின்றன. புல் மருந்து அடித்த தாங்கியை ஒருக்கா அலசிவிட்டு, அதே தாங்கியால் கன்றுக்கும் பூச்சி மருந்து அடித்திருக்கிறான். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சிரித்தேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

என் கன்றுகளில் பூ. எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன், கண் படும்.

23.2.74 சனி
சிவம் வேலிப் படலையில். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதை. பிறகு: "மச்சாள், தப்பின கன்றுகளுக்கு அடிக்க உங்கட மிசினைத் தருவியளோ?"

"கழுவித் தந்தால் தரலாம். எத்தனை தரம்?"

நிலத்தைப் பார்த்து: "மூண்டு."

"எந்தத் தண்ணி?"

"நல்ல தண்ணிதான்."

பின்னேரம் குடத்தோடு சந்திக் குழாயில் நின்றானாம், பெண்களுக்கு நடுவில். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தா.

30.3.74 சனி
இவர் வந்தார். பையை வைக்காமலே தோட்டத்துக்கு. பழம் சிவந்து கிளை தாழ்ந்து நிற்கிறது. வரம்பில் நின்று சொன்னார்:

"சிவம் சந்தியில என்னைப் பிடிச்சவன். தன்ரை துண்டுக்கும் இனி நீர்தான் மருந்தடிக்க வேணுமாம்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"உம்மைக் கேக்கச் சொன்னனான். உம்மட தோட்டத்து வேலை முடிஞ்சு நேரம் இருந்தால் எண்டு."

உம்மட தோட்டம். எட்டு வருடத்தில் முதல் தரம். கேட்காதமாதிரி இருந்து இன்னொரு தரம் சொல்லவைத்தேன்.